தொலி உரித்த மீன்

உதியன்குளங்கரை சந்திப்பில் மீன் விற்கும் தங்கபாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை முக்குத் திரும்பும்வரை விடமாட்டாள். அன்று அந்த வாய்தான் வினையாயிற்று.

கடல் சூடாகிப்போய், சாளை மீன் இந்தப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வமாகிவிட்டது. அதற்குப் பதிலாக இங்கே கண்டிராத மீனெல்லாம் வலையில் விழுகிறது. காலையில் பொழியூர் கரையில் படகுக்கார எலியா, தலையும் தொலியும் நீக்கிய வெள்ளை மீனைக் கிளாத்தி என்று சொல்லித் தந்தான். கிளாத்தியை உரித்துத்தான் விற்பார்கள், அவளும் சந்தேகப்படவில்லை.

வழக்கமாக வாங்கும் விஜயம்மா மட்டும் மூக்கைச் சுளித்தாள். "இதைக் கண்டா கிளாத்தி மாதிரி இல்லியே பிள்ளே."

"எக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் இதைத்தான் குடுத்து விட்டிருக்கேன். நான் திங்காத மீனை விக்கமாட்டேனாக்கும்!"

அந்தச் சொல்லை நம்பி வாங்கிக்கொண்டு விஜயம்மா குன்னத்துகாலில் உள்ள தன் வீட்டுக்குப் போனாள். வேறு யாரும் அந்த மீனைத் தொடவில்லை.

வெயில் ஏறியபோது எலியா போனில் அலறினான். "தங்கபாயி, அதை யாருக்கும் குடுத்துராதே! உரிக்காத ஒண்ணு கூடையில கெடந்து. பேத்தை மீனாக்கும், கொடிய விஷம்! தின்னா மொதல்ல ஒதடு மரக்கும், பொறவு மூச்சு நின்னுரும்!"

பாவி மனுஷன், இப்போதா சொல்வது! விஜயம்மா போனை எடுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சிஜுவின் ஆட்டோவில் பாய்ந்து ஏறினாள். "எலே மக்கா, வேகம் விடுலே! ஒரு குடும்பமே போயிரும்." வழியெல்லாம் கர்த்தாவே, கர்த்தாவே என்று புலம்பினாள். தான் அடித்த சவடாலை நினைத்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சிஜுவை வாசலில் நிறுத்திவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் அடுக்களைக்குள் ஓடினாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. துணியைப் போட்டுச் சட்டியைத் தூக்கி அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சா?" என்று கத்திய விஜயம்மா, விஷயம் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் வாயில் வைத்திருக்கவில்லை. தங்கபாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

விஜயம்மாதான் மெல்லக் கேட்டாள். "ஒங்க வீட்டுக்கும் குடுத்து விட்டேன்னு சொன்னியே?"

தங்கபாயி அவள் கையை உதறிவிட்டு போனை எடுத்தாள். ஊரார் வீட்டுக்கு ஓடியவள் தன் வீட்டை மறந்துபோனாளே! ரப்பர் வெட்டிவிட்டு வந்து தனியே சமைத்துச் சாப்பிடும் கணவன் ராஜையாவைக் கூப்பிட்டாள். எடுத்தார்.

"மீன் கொள்ளாம்டி, நல்ல ருசி. இப்பதான் தின்னேன். மிளகு கூடிப்போச்சுன்னு தோணுது, ஒதடும் நாக்கும் மரத்துக் கெடக்கு."

"சிஜு, வண்டியைத் திருப்புலே," என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நீள வாயிலிருந்து சத்தம் வெளியே வரவில்லை.