ஷுயுன் முடி வெட்டப் போன பிற்பகல்

ஷுயுன் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்து பல வருஷம் கழித்துத்தான் அவளுக்கு ஒரு மகள் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. யாயாவுக்கு வயது பத்தொன்பது. பேச்சும் புரிதலும் நாலு வயதுக் குழந்தையுடையவை. "இது உன் வயித்துல வந்த கோளாறு" என்று சொல்லிவிட்டுக் கணவன் என்றோ போய்விட்டான். அன்று அடைத்த கதவை ஷுயுன் யாருக்கும் திறந்ததில்லை.

சீனாவின் சோங்சிங் நகரத்தில் இப்படிப் பிள்ளைகள் உள்ள தாய்மார் நாங்கள் சிலர் சேர்ந்து, சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கியிருந்தோம். புதன்கிழமை பிற்பகலில் இரண்டு பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு விடுமுறை. எங்களில் பெரியவள் லாங் குயிஃபாங். ஷுயுன் வீட்டுக் கதவைத் தட்டியவளும் அவள்தான்.

"திறடி. உன் மகளைத் தூக்கிட்டு ஓட வரல."

"அவ யாருகிட்டயும் இருக்க மாட்டா அக்கா. கத்துவா."

"கத்தட்டுமே! என் பையன் கத்தினா ஆத்துல போற கப்பலே பதிலுக்கு ஹாரன் அடிக்கும்."

ஷுயுன் வந்தாள். மகளின் கையை விடாமல் முழுநேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் குயிஃபாங் அவளை வெளியே தள்ளினாள்.

"தலையைப் பாரு, காக்கா முட்டையே வெச்சிடும். போய் வெட்டிட்டு வா."

கடைக்காரப் பெண் வெந்நீர் ஊற்றித் தலையை அலசியபோது ஷுயுனுக்கு அழுகை வந்துவிட்டதாம். "சூடா இருக்கா?" என்று அந்தப் பெண் பதறியிருக்கிறாள். "இல்லம்மா, நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். யாயா எங்களோடு உட்கார்ந்து, மூக்கெல்லாம் மாவாக, இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "அம்மா புதுசு!" என்று சிரித்தாள்.

"என்னைத் தேடவே இல்லையா?"

"இல்ல. அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற?" என்றாள் குயிஃபாங்.

ஷுயுனுக்கு அது அன்று வலிக்கத்தான் செய்தது. வீட்டுக்குப் போகும்போது யாயா, யாரும் சொல்லாமலே, கொழுக்கட்டைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இந்த வசந்தத்தில் எதிர்க் கட்டடத்துக்கு ஒரு இளம் குடும்பம் வந்தது. குழந்தைக்கு மூன்று வயது, இன்னும் பேச்சில்லை. இந்த முறை ஷுயுன்தான் போய்க் கதவைத் தட்டினாள். "எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல" என்று மாமியார் கதவைச் சாத்தினாள். ஷுயுன் கோபப்படவில்லை. மகளோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மருமகளே குழந்தையோடு வெளியே வந்தாள்.

அடுத்த புதன்கிழமை குழந்தையை ஷுயுன் மடியில் விட்டதும், அந்தப் பெண் எங்கள் பெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில்கூட அசையவில்லை. நாங்கள் யாரும் எழுப்பவில்லை.