பாலில் போய்விடும் என்று சொன்னேன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் ஏழு மாதப் பெண் குழந்தை. வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. நான் நாசரேத் பக்கத்துக்காரி, மிஷன் பள்ளியில் எட்டாவது பாஸ். அந்த எட்டாவதை நான் எப்படித் தலையில் சுமந்து திரிந்தேன் என்று சொன்னால்தான் நடந்தது உங்களுக்குப் புரியும். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்வது நான். படித்ததோடு விடமாட்டேன், என்ன பதில் எழுதவேண்டும் என்பதையும் நானே சொல்லிவிடுவேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டாக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். வியாதி வந்தால் போவதுபோல, வியாதி வராமல் இருப்பதற்கும் அங்கே போகலாம். ஊருக்கு அது புதுசு. செவ்வாய்க்கிழமை காலையில் கைக்குழந்தைகளைத் தராசில் போட்டு எடை பார்ப்பார்கள். மெலிந்த பிள்ளைகளுக்குச் சுறா எண்ணெய் கொடுப்பார்கள். அங்கிருந்த நர்சம்மா, பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது என்பதிலிருந்து தண்ணீரைக் காய்ச்சிக் கொடுப்பதுவரை எங்களை உட்காரவைத்துச் சொல்லித்தருவார். "சொகமா இருக்க பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போற?" என்று மாமியார் முணுமுணுப்பார். நான் ஒரு செவ்வாயைக்கூட விட்டதில்லை.

தை மாதம் குழந்தைக்குச் சளி பிடித்தது. டாக்டர் மருந்தை என்னைக் குடிக்கச் சொன்னார். "பால் குடிக்கிற பிள்ளதானம்மா, நீ குடிச்சாப் போதும். பால்ல போயிரும்" என்றார். எங்கள் வீடுகளிலும் அதுதான் வழக்கம். பச்சைப் பிள்ளைக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றால் தாய்க்காரிதான் பத்தியம் இருப்பாள், மருந்து குடிப்பாள். இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டரும் அதையே சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாலு நாளில் சளியும் விட்டது.

மாசியில் ஊருக்குள் பெரியம்மை வந்தது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் ஒருவருக்குக் கண்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டிஸ்பென்சரியில் அம்மை வராமலிருக்க எல்லோருக்கும் இலவசமாக அம்மை குத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தச் செவ்வாய் விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே திருவிழாக் கூட்டம். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால், ஆண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். என் வயதுதான் இருக்கும்; கடற்கரைக்காரி, அவள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். நான் கணீரென்று படித்துக் காட்டினேன். அன்று முழுவதும் அவள் என்னை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அம்மை குத்துகிறவர் வட்டமான சின்ன இரும்பைக் கையில் வைத்து ஒரு திருகு திருகுவார். பிள்ளைகள் வீல் என்று அலறும். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தப் பச்ச மண்ணு கையிலயா இரும்ப வச்சித் திருகப் போறாவ? எனக்குக் குலை நடுங்குது, வாத்தியாரம்மா."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்போதுதான் டாக்டர் தை மாதம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆகா, எவ்வளவு லேசான வழி! "பிள்ளைக்கு எதுக்குக் குத்தணும்? பால் குடிக்கிற பிள்ளைதானே. பிள்ளைக்குள்ளதையும் உன் கையிலயே குத்திக்கோ, பால்ல போயிரும். டாக்டரே சொன்னது" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பவுண்டரிடம் எனக்கொன்று, பிள்ளைக்கொன்று என்று இரண்டு சீட்டு வாங்கினேன். இடது கையை நீட்டிக் குத்திக்கொண்டு, திரும்பி நின்று வலது கையை நீட்டினேன். "இது எதுக்கு?" என்றார் குத்துகிறவர். "அந்த ரெண்டாவது சீட்டுக்கு" என்றேன். பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் அப்படியே இரண்டு கையிலும் குத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு கையும் வீங்கி, தலை சீவக்கூட முடியவில்லை. பிள்ளையின் வலியையும் சேர்த்து நானே பட்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள், குத்தினது கொப்புளமாக எடுத்திருக்கிறதா என்று பார்க்க நர்சம்மா வீட்டுக்கு வந்தார். நான் இடது கையைக் காட்டினேன். எழுதிக்கொண்டார். பிள்ளையின் கையைக் காட்டச் சொன்னார். நான் வலது கையைக் காட்டினேன்.

"உன் கை இல்லம்மா, பிள்ள கை."

"இதுதான் பிள்ளைக்குள்ளது."

அவர் என் கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். குழந்தையின் சட்டையைக் கழற்றி இரண்டு கையையும் தடவித் தடவித் தேடினார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. "பால்லதான் போயிருக்குமே" என்றேன். அப்படியே என் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிமிஷம் எழுந்து, குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வேகமாக நடந்தார். நான் ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடினேன்.

டாக்டர் முதலில் குழந்தைக்குக் குத்தச் சொன்னார். அது அலறி அடங்கியபிறகுதான் என்னைப் பார்த்தார். தை மாதம் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அது மருந்தும்மா. இது ஒடம்புக்குச் சொல்லிக்குடுக்குற பாடம். நீ எட்டாவது படிச்சிருக்க. பால் குடுத்தா பிள்ளைக்கு அந்தப் படிப்பு வந்துருமா? அதது ஒடம்பு அததுதான் படிக்கணும்."

தலையை ஆட்டினேன். பாதி புரிந்தது. சளி மருந்து பாலில் போனதே, இது மட்டும் ஏன் போகாது என்ற மீதிப் பாதி புரியவில்லை. அதற்குள் அவர் இன்னொன்று கேட்டார்: "இத வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நர்சம்மா பக்கத்தில் நின்றார், கம்பவுண்டர் நின்றார், வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து, அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவளைத் தேடிப் போகலாம் என்றால் பேர்கூடத் தெரியாது. குழந்தைக்கும் காய்ச்சல் அடித்தது. குத்தினால் வருகிற காய்ச்சல்தான், பயப்படாதே என்று நர்சம்மா வந்து சொன்னார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாள் இப்படியே ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்காரி வந்து, கடற்கரைப் பக்கம் அம்மை கண்டிருக்கிறது என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் குழந்தையோடு போய் நர்சம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கம்பவுண்டரிடம் ரிஜிஸ்டரைக் கேட்டார். எங்கள் பேருக்குக் கீழே அந்தப் பிள்ளையின் பேர் இருந்தது. அந்தப் பேரில் கடற்கரையில் பாதிப் பிள்ளைகள் இருக்கும். அப்பா பேர் எழுதுகிற இடத்தில் 'சங்கு' என்று மட்டும் இருந்தது.

"புருசன் பேரச் சொல்லமாட்டேன்னு சிரிச்சிக்கிட்டே நின்னுச்சு. கூட்டத்துல நான் என்னத்த எழுத?" என்றார் கம்பவுண்டர்.

அம்மை குத்துகிறவரையும் அழைத்துக்கொண்டு, சங்கு குளிக்கிறவர்கள் இருக்கும் தெரு எது என்று விசாரித்துக்கொண்டே போனோம். இரண்டு தெரு தப்பாகப் போய்த் திரும்பினோம். மூன்றாவது தெருவில் நுழைந்ததும், "வாங்க வாத்தியாரம்மா!" என்று அவளே ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் வந்த உயிர் போய்விட்டது.

"நீங்க சொன்னத இங்கன எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஏழெட்டுப் பேரு ரெண்டு கையிலயும் குத்திட்டு வந்துட்டாளுவ!"

நர்சம்மா பெண்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். யாரும் அசையவில்லை. மீன் கடகத்தோடு நின்ற ஒரு நெட்டைப் பெண், "டாக்டரே சொன்னாவன்னு படிச்ச அம்மா ஒருத்தி சொல்லியிருக்கா. நீங்க வந்து வேற சொல்லுதிய. நாங்க எதத்தான் கேக்க?" என்றாள்.

"ஏளா, அந்தப் படிச்ச அம்மாவே இவங்கதான்!" என்று, அன்று கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்ட தோழி சந்தோஷமாக என்னைக் காட்டினாள். தெரு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. 

"டாக்டர் இதச் சொல்லல. நானாத்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன். பிள்ளைக்குத்தான் குத்தணும்" என்றேன்.

"அன்னைக்குத் தெரியாமச் சொன்னிய. இன்னைக்குத் தெரிஞ்சுதான் சொல்லுதியன்னு நாங்க எப்பிடி நம்ப?"

 உண்மையில் எனக்கும் முழுதாகத் தெரியாதே! என்ன செய்வதென்று தெரியாமல் என் குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். குத்தின இடம் சிவந்து, அப்போதுதான் கொப்புளம் எழும்பியிருந்தது. தொட்டதும் அது அழுதது. அந்த நெட்டைப் பெண் கிட்டே வந்து, அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கடகத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன்பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

தெருக்கோடியில் ஒரு வீடு மட்டும் திறக்கவில்லை. நர்சம்மா கதவைத் தட்டி உள்ளே போனார். அந்த வீட்டுக்காரியும் பிள்ளைக்குள்ளதைத் தன் கையில் குத்திக்கொண்டவள்தான் என்று என் தோழி மெதுவாகச் சொன்னாள். நர்சம்மா வெளியே வந்து, "பிள்ளைக்கு அம்மை நேத்தே வெளிய வந்துருக்கு" என்றார். நான் அந்த வாசல்படியில் கால் வைக்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் பிள்ளை பிழைத்தது. முகமெல்லாம் தழும்பு, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. என் தோழியின் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று நாளால்தான் இப்படி ஆயிற்றா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். அவர், "நாள் கணக்குப் பாத்தா அதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கும்மா. நீ மூணு நாள் முந்திச் சொல்லியிருந்தாலும் தடுத்திருக்க முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். அப்படியென்றால் நான் சொன்ன பொய் அந்தக் கண்ணைக் கெடுக்கவில்லை. அதற்கு முந்திச் சொன்ன யோசனைதான் கெடுத்தது. இதில் எது எனக்கு நிம்மதி என்று தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தெருக்கோடி வீட்டுத் தாய் பிள்ளையை எடை பார்க்கக் கொண்டுவந்தாள். என்னைப் பார்த்ததும் நேரே வந்து, ஓலைப்பெட்டியில் கொஞ்சம் சாளை மீனை நீட்டினாள். "அன்னைக்கு நீங்க வரலன்னா மத்த பிள்ளையளுக்கும் வந்துருக்கும்" என்றாள். என்னால் அதை வாங்க முடியவில்லை. பாவம், இவளுக்கு விஷயமே தெரியாதே என்று நினைத்தேன். அழுதுகொண்டே சொன்னேன்: பாலில் போகும் என்று முதலில் சொன்னது நான்தான், உன் பிள்ளை கண்ணுக்கு நான்தான் காரணம் என்று.

"அன்னைக்குக் கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தயும் கேட்டுட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

மீனை என் கையில் வைத்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தராசுப் பக்கம் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அந்த மீனைக் குழம்பு வைத்தேன், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள், எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. அவள் என்னை மன்னித்துத்தான் கொடுத்தாளா, மன்னிக்காமலே கொடுத்தாளா என்று இத்தனை வருஷம் ஆகியும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், பச்சைப் பிள்ளையோடு யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால், வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டர் வாசல்வரை அவர்களோடு நானும் நடக்கிறேன் என்பதுதான்.