ஏப்ரலில் எடுத்த பெயர்

துணிக்கடையின் இரண்டாவது மாடியில், போட்டுப் பார்க்கும் அறைகளுக்குப் பின்னால் ஒரு தையல் மிஷின் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அதன்முன் உட்கார்ந்து பேண்ட்டின் அடியை மடித்துத் தைப்பவளைக் கடையில் எல்லோரும் ஆல்டரேஷன் அக்கா என்பார்கள். வயது ஐம்பத்து நாலு. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகனைத் தைத்தே படிக்க வைத்தாள். அவன் பெரிய கம்பெனியில் சேர்ந்த வருஷம், அம்மாவின் பெயரையும் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்து, கார்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். அப்போதே அவளுக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம். கடையில் ஒருவர் விடாமல் அந்தக் கார்டைக் காட்டினாள்.

வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண் வந்தது அவளுக்கே தெரியாது. பாதம் அவ்வளவு மரத்துப்போயிருந்தது. பெடலில் ஏதோ ஈரம் ஒட்டியிருக்கிறதே, துணியில் பட்டுவிடுமே என்று பதறித் துடைத்தபோதுதான் அது தன் காலிலிருந்து வருவது என்று புரிந்தது.

உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, உடனே சேர்ந்து சுத்தம் செய்துகொண்டால் விரலைக் காப்பாற்றலாம் என்றார் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர். காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"ஏப்ரல்லயே உங்க பேரை எடுத்துட்டாங்கம்மா."

"யாரு எடுத்தா?"

"உங்க பையன்தான் எடுத்திருக்கணும். வருஷா வருஷம் அவங்கதான் பேர் குடுப்பாங்க."

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டாள். அவன் மறைக்கவில்லை. மாமனாருக்கு இதய ஆபரேஷன். பெற்றவர்களைச் சேர்க்கலாம், இல்லையென்றால் மாமனார் மாமியாரைச் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் முடியாது, கம்பெனி விதி அப்படி.

"உனக்கு வெறும் சுகர்தானேம்மா, மாத்திரையிலேயே ஓடிட்டிருக்கு. அவருக்கு உயிர் போற விஷயம். சொல்லணும்னுதான் இருந்தேன். மனசு கஷ்டப்படுவியேன்னு விட்டுட்டேன்."

புண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவள் மென்று விழுங்கிவிட்டாள். மாமா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டாள்.

கையிலிருந்து பணம் கட்டி அங்கே சேர அவளுக்கு வழியில்லை. பொது ஆஸ்பத்திரிக்குப் போனால் வாரக்கணக்கில் படுக்கப் போட்டுவிடுவார்கள். ஒரு துணிக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் தைப்பவளுக்கு லீவு ஏது? புண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சொந்தமாகக் காப்பீடு தேட ஆரம்பித்தாள்.

முதலில் வந்த ஏஜென்ட் அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துவிட்டு, திறந்த பையை அப்படியே மூடினார். இரண்டாவது ஏஜென்ட், காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து போன் வரும், புண் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். போனில் பேசிய பெண்ணின் குரல் தேனாக இருந்தது. ஆறாத புண் ஏதாவது உண்டா என்று கேட்டபோது, பொய் சொல்லி நாளைக்கு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து, இருக்கிறது என்றாள். விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை, தங்கள் நலனில் என்றும் அக்கறையுடன் என்று அன்று சாயங்காலமே மெசேஜ் வந்துவிட்டது.

மூன்றாவது ஏஜென்ட், புண் ஆறட்டும், எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஆனால் மூன்று வருஷத்துக்குச் சர்க்கரைக்கும், சர்க்கரையால் வரும் எதற்கும் சல்லிக்காசு தரமாட்டார்கள்.

"அப்புறம் எதுக்குங்க நான் கட்டணும்?"

"மாடியிலேர்ந்து விழுந்தா கிடைக்கும்மா." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

இதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது. விரல் கறுத்தது. ஒரு நாள் காலையில் கடைப் பெண்கள், எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து தேடினாள். மத்தியானம் குளிர் ஜுரம் தூக்கிப்போட, மிஷின் மேலேயே சாய்ந்தாள். பொது ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் அதன் பக்கத்து விரலையும் எடுத்தார்கள்.

மகன் தன் மாமனாரோடு பார்க்க வந்தான். லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறியும் சம்பந்திக்கு மூச்சு வாங்கவில்லை. அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது.

"இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும், சம்பந்தியம்மா. பைசா செலவில்லாம என்னை எழுப்பி நடமாட வச்சுட்டார். உங்களையும் பாத்துக்குவார், கவலைப்படாதீங்க."

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல பையன்தான் என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

கட்டு மாற்ற வந்த நர்ஸ்தான் அந்த வழியைச் சொன்னாள். கடை ஆட்களுக்கு மொத்தமாக எடுக்கும் காப்பீட்டில் பழைய நோயைப் பார்க்க மாட்டார்கள், சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. அவள் கடையிலும் அது இருந்தது. பீஸ் கணக்கு ஆள் என்பதால் அவள் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நொண்டிக்கொண்டே போய் முதலாளியைக் கேட்டாள். அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

"விரல் இருந்தப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

மாதச் சம்பளத்துக்கு மாறினால் சேர்க்கிறேன் என்றார். அது அவள் இதுவரை தைத்துச் சம்பாதித்ததைவிடக் குறைவு. தலையாட்டினாள்.

கார்டு வந்த அன்று மகனுக்குச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சும்மா. அடுத்த தடவை யார் பேரைப் போடறதுன்னு வீட்ல ஒரே சண்டை. இனிமே அந்தப் பேச்சே இல்ல." அவன் குரலில் நிஜமான நிம்மதி இருந்தது.

சரிப்பா என்று போனை வைத்தாள். வெளியே ஒருவர் பேண்ட்டை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். வலது காலை ஒதுக்கி வைத்துவிட்டு இடது காலால் பெடலை மிதித்தாள். அந்தக் காலுக்கு இன்னும் வேகம் பிடிபடவில்லை. தையல் கோணிக்கொண்டு ஓடியது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.