லோக்கல்

ஒருவரை மட்டம்தட்ட யாராவது 'லோக்கல்' என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை நான் முதலில் மரியாதையான வார்த்தையாகத்தான் அறிந்திருந்தேன்.

கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு அப்பா வழிகாட்டி. 'லோக்கல் கைடு' என்ற அட்டையைச் சட்டையில் குத்தியிருப்பார். இடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம் 'லோக்கல்'. ஒரு வெள்ளைக்காரப் பயணி சொன்னாரென்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். வருகிறவர்கள் லோக்கல் சாப்பாடு, லோக்கல் சேலை என்று கேட்டு வாங்குவார்களாம். எனக்கு அது அப்பாவின் பட்டம் மாதிரி.

ஆறாம் வகுப்பில், காரைக்குடியில் நான் படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எனக்குக் கிடைத்தது. ஒத்திகையில், மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு நானாக ஒரு வரி சேர்த்தேன். "எல்லாரும் வந்திருக்கீக, ரொம்ப சந்தோசம். இங்குட்டு வந்து உக்காருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ரொம்ப லோக்கலா இருக்கும்மா. நீ கோரஸ்ல நின்னுக்க" என்று டீச்சர் மைக்கை வாங்கி, ஒரு டாக்டர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார்.

மைக் போனது வருத்தம்தான். ஆனாலும் பட்டம் கிடைத்த குஷியில் வீட்டுக்கு ஓடிச் சொன்னேன். அப்பா முழுதும் கேட்டார். முகம் கறுத்துவிட்டது.

மறுநாள் என்னோடு பள்ளிக்கு வந்தார். தான் தப்பாக எதுவும் சொல்லவில்லையே, சாதாரண வார்த்தைதானே என்றார் டீச்சர். அப்பா விடவில்லை.

"எங்க வீட்டுப் பேச்சைத்தான டீச்சர் சொன்னீக? நீங்களும் இந்த ஊருதான. உங்க அம்மாட்ட எப்படிப் பேசுவீக?"

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். வரவேற்புரையும் எனக்குத் திரும்பி வரவில்லை.

வெளியே வந்ததும் அப்பாவின் கையை உதறினேன். என்னைப் பாராட்டிய டீச்சரோடு, அத்தனை பேர் பார்க்கச் சண்டை போட்டுவிட்டாரே என்று ஆத்திரம். தன் பட்டம் எனக்கும் கிடைத்துவிட்டதில் அவருக்கு என்மேல் பொறாமை என்றே நம்பினேன். வீட்டுக்கு வந்தும் அவரோடு பேசவில்லை.

டீச்சர் சொன்னது பாராட்டு இல்லை என்று அப்பா ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் என் கோபம் டீச்சர் பக்கம் திரும்பியிருக்கும். அவர் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே நான் கூசியிருப்பேன் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அன்று எனக்குத் தெரியவில்லை. விழாவில் கோரஸில் நின்று, எல்லோரையும்விட உரக்கப் பாடினேன்.