சுண்டுவிரலுக்கு ஓர் இடம்

லண்டனின் தெற்கே சட்டன் என்ற ஊருக்கு வெளியே, துப்பாக்கி சுடும் மைதானம் ஒன்றில் நிற்கிறேன். 2009, ஒரு சனிக்கிழமைக் காலை. கவ்பாய் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் பழங்காலத்து ரிவால்வரால் இரும்புத் தட்டுகளைச் சுட்டுப் போட்டியிடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே, அதே தொப்பியுடன், யாழ்ப்பாணத்து நர்ஸ் வதனி அக்கா. நான் லண்டனில் தங்கியிருப்பது அவர் வீட்டில்தான்.

அவருடைய முறை வரப்போகிறது. ரிவால்வரின் பிடியோ பெரிய கைக்குச் செய்தது. சுடும்போதெல்லாம் விசையைச் சுற்றியுள்ள வளையம் நடுவிரல் மூட்டில் இடித்து, தோல் கன்றியிருக்கிறது. மெல்லிய மரப்பிடி ஒன்றை மாற்றித் திருகுகிறார். அப்போதும் வளையம் விரலை விட்டு விலகவில்லை.

"ஊர்ல துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருப்பீங்க. இது எப்படிக்கா பிடிச்சுது?" என்று கேட்டுவிடுகிறேன்.

"ஓம் தம்பி, ஓடினனாங்கள்தான். அப்ப துவக்கு மற்றவையின்ர கையில. என்ர கையில இருந்தா கை நடுங்குமோ எண்டு பார்க்க ஆசையா இருந்தது."

"நடுங்குச்சா?"

"முதல் நாள் நல்லா நடுங்கினது. இப்ப இந்த விரல் நோதான் பிரச்சினை."

பேசிக்கொண்டே சுண்டுவிரலைப் பிடிக்கு அடியில் மடித்து வைக்கிறார். கை சற்றுக் கீழே இறங்குகிறது. மூட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது.

பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஐந்து முறை சுடுகிறார்; நான்கு தட்டுகள் விழுகின்றன. ஐந்தாவதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு விரல் மூட்டைத் தடவுகிறார்.

"வளையம் இடிக்கேல்ல, தம்பி!"