டாமரிஸ் ப்ரீஸின் கட்டிலும் இரண்டு ஊர்களும்

டாமரிஸ் ப்ரீஸ் பிறந்தபோது அவள் தலை, மேல் பட்லோ என்ற ஊரில் இருந்தது; கால், கீழ் பட்லோ என்ற ஊரில் இருந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். அவள் பிறந்த கட்டிலின் குறுக்கே ஊர் எல்லை ஓடுகிறது. பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, கட்டிலைத் தாண்டி, அடுப்புக்கு முன்னால் பதித்திருக்கும் எல்லைக் கல்லைத் தொட்டுக்கொண்டு, முன்பக்க ஜன்னல் வழியாக வெளியே போய்விடும்.

இதெல்லாம் அவளுடைய கொள்ளுத்தாத்தா செய்த வேலை. எல்லைமேல் வீட்டைக் கட்டிவிட்டால் இரண்டு ஊர் அறுவடை விருந்திலும் போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அந்த மகா புத்திசாலி திட்டம் போட்டார். மேல் பட்லோ விருந்துக்குப் போனார். "உங்க ஊரு விருந்து கீழே நடக்குதுப்பா, தப்பா ஏறி வந்துட்டியே" என்றார்கள். கீழே இறங்கினார். "அட, மேலே உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க, ஓடு" என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தவர், சாகும்வரை அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

டாமரிஸுக்கும் அதே கதைதான். ஞானஸ்நானம் கொடுக்க இரண்டு கோயிலிலும் தட்டிக்கழித்ததால், சந்தைக்குப் போகிற வழியில் மூன்றாவதாக ஒரு ஊரில், வண்டியில் ஒரு கூடை வாத்துக்கு நடுவே அவளை உட்காரவைத்துக் கொண்டுபோய் முழுக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வளர்ந்தபின் நெல்லிக்காய்ப் போட்டிக்கு முட்டை அளவு காய்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போனாள். வெளியூர்க்காரருக்கு அனுமதி இல்லை என்று மேலே சொன்னார்கள். கீழேயும் அதையேதான் சொன்னார்கள். காய்களை வழியிலேயே தின்றுவிட்டு வந்தாள், வயிறு வலித்தது.

இவர்கள் இப்படி அடித்துக்கொள்வதற்குக் காரணம் அவள் இல்லை, பாவம். அவள் வீட்டு வாசலில் ஓடும் வாய்க்கால்தான் காரணம். குளிர்காலத்தில் அது பொங்கிப் பாதையை முழுங்கிவிடும். வீடு எந்த ஊரைச் சேர்ந்ததோ அந்த ஊர்தான் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். அந்தச் சேற்றில் இறங்க எவனுக்கு ஆசை? ஆகவே அவள் மேலூர்க்காரர்களுக்குக் கீழூர்க்காரி, கீழூர்க்காரர்களுக்கு மேலூர்க்காரி.

ஆனால் ஒரே ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் அவள் "நம்ம டாமரிஸ்" ஆகிவிடுவாள். அதுதான் எல்லை சுற்றும் நாள். சில வருஷங்களுக்கு ஒருமுறை, மே மாதத்தில், பாதிரியார் முன்னே நடக்க, ஊர் ஆண்களெல்லாம் ஆளுக்கொரு நீளக் குச்சியோடு எல்லையைச் சுற்றி வருவார்கள். எல்லை எங்கே போகிறதோ அங்கேயே போக வேண்டும், விலகக் கூடாது. குளம் வந்தால் குளத்தில் இறங்க வேண்டும். ஒவ்வொரு எல்லைக் கல்லையும் குச்சியால் அடித்து, மறந்துபோகிற ஆசாமி எவனையாவது தூக்கி அவன் பின்புறத்தைக் கல்லில் இடிப்பார்கள். இடி வாங்கியவன் அந்தக் கல் இருக்கும் இடத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டான் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

ஒரு வருஷம் மேலூர் வரும், இன்னொரு வருஷம் கீழூர் வரும். வந்தவர்கள் ஜன்னல் வழியாக இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் கட்டில்மேல் ஏறித் தாண்டி, அடுப்புப் பக்கம் வந்து நிற்பார்கள். அங்கே டாமரிஸின் பீப்பாய் இருக்கும். அவள் தோட்டத்து ஆப்பிளைப் பிழிந்து குளிர்காலம் முழுக்கப் புளிக்கவிட்ட சைடர். முதல் கோப்பையில் பாட்டு வரும். இரண்டாவது கோப்பையில் பாட்டு மறந்துபோய் ஆட்டம் வரும். நடந்து நடந்து நாக்கு வறண்டவர்களுக்கு அது பாதி வழியில் கிடைக்கும் சொர்க்கம். குடித்து முடித்து முன்பக்க ஜன்னலைத் தாண்டியதும் அவளை மறந்துவிடுவார்கள், நன்றி கெட்ட ஜன்மங்கள்.

இப்படியே டாமரிஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்போதுதான் அவள் பன்றி வாய்க்காலில் விழுந்தது.

சேற்றில் கழுத்துவரை புதைந்து அது வீறிட்டு அலற, கீழ் பட்லோவில் வேலி கட்டும் ரூபன் ப்ராபர்ட் அந்தப் பக்கமாக வந்தான். மனைவியை இழந்தவன், வாயில் முத்து வைத்திருக்கிறானோ என்று சந்தேகப்படும் அளவுக்குப் பேச்சில் கஞ்சன். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். அடுத்த சனிக்கிழமை பன்றி சுகமா என்று பார்க்க வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான். ஆப்பிள் பூக்கிற காலம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தான்.

கடைசியில் ஒரு நாள் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே, "இது தனியா இருக்குதே, ஒரு துணை வேணாமா?" என்றான்.

"எது, பன்னியா?"

"பன்னியும்தான்."

டாமரிஸ் சிரித்த சிரிப்பில் பன்றி பயந்து கொட்டிலுக்குள் ஓடிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டாள். சந்தோஷத்தில் அன்று மாலை ஒரே பாத்திரத்தை மூன்று தடவை கழுவினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்ன ஊர் இன்னாருக்கும் இன்ன ஊர் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை ஊரிலும் வாசிக்க வேண்டும், பெண் ஊரிலும் வாசிக்க வேண்டும். இங்கேதான் வந்தது வினை.

மேலூர்ப் பாதிரியார் ஃபான்ஷா ஒல்லி, தேனீ வளர்ப்பவர். "உன் பேரை நான் வாசிச்சா நீ எங்க ஊர்னு ஆயிடும். அப்புறம் வாய்க்கால் யார் தலையில விழும்? நீ டில்லிகிட்டப் போம்மா" என்றார்.

கீழூர்ப் பாதிரியார் டில்லி குண்டு, தேன் சாப்பிடுபவர். "மேல் பட்லோவைச் சேர்ந்த டாமரிஸ்னு வேணா வாசிக்கறேன். இந்த ஊர்னு மட்டும் என் வாயால வராது. அங்கேயும் வாசிச்சாத்தான் செல்லும், ஃபான்ஷாகிட்டப் போய்க் கேளு" என்றார்.

அவர்களே பேசி முடித்திருக்கலாம். ஆனால் ஃபான்ஷாவின் தேனீக்கள் ஒரு கோடையில் கூட்டமாகக் கிளம்பி டில்லியின் வேலியில் போய் அடைந்து, டில்லி அவற்றைத் திருப்பித் தராததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ரூபன் பார்த்தான். "டவுனுக்குப் போய் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாமே" என்றான்.

டாமரிஸின் முகம் வாடிவிட்டது. "போலாம். ஆனா எனக்கு அது வேணாம், ரூபன். எம் பேரை ஒரு கோயில்ல, ஒரு தடவையாவது, எங்க ஊருக்காரின்னு சொல்லிச் சத்தமா வாசிக்கணும். அதைக் கேட்காம நான் யாரையும் கட்டிக்கப் போறதில்லை."

ரூபன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் கேட்டது நியாயம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த மே மாதம் எல்லை சுற்றுவது மேலூரின் முறை. ஃபான்ஷா இதுதான் சமயம் என்று, வீட்டுக்குள் போகாமல் மேல்பக்கச் சுவரை ஒட்டியே எல்லையை நடந்துவிடுவது, வீட்டை முழுசாகக் கீழூருக்குத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தார். டில்லிக்கு அது எப்படியோ எட்டியது. அவர் விடுவாரா? முறை இல்லாவிட்டாலும் அதே திங்கட்கிழமை தம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, கீழ்ப்பக்கச் சுவரை ஒட்டி நடக்கக் கிளம்பிவிட்டார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு படையும் உச்சிப் பொழுதில் வீட்டை நெருங்கின. ஒன்று இந்தச் சுவரோரம், ஒன்று அந்தச் சுவரோரம், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வீடு. வீட்டுக்குள் டாமரிஸ், செர்ரிப்பழம் குத்திய தன் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, பீப்பாய்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வாசனை இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

மேலூர்க் கொல்லன் யாப், ஆள் மலைபோல் இருப்பான், முதல் ஆளாக நின்றுவிட்டான். ஜன்னலில் தலையை விட்டான். "என்ன டாமரிஸ், பீப்பாய் சௌக்கியமா?"

"அதுக்கென்ன, நல்லா இருக்குது."

"ஒரு கோப்பை இப்படிக் குடேன். நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆயிடுச்சு."

"குடுக்கலாம். ஆனா எல்லை சுத்தற அன்னிக்கு நான் குடுக்கறது எங்க ஊருக்காரங்களுக்குத்தான். நீங்க எந்த ஊரு?"

"மேல் பட்லோ. தெரியாத மாதிரி கேக்குறியே."

"ஓ. மேல் பட்லோவா? உங்க பாதிரி ஐயா இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு, இது உங்க எல்லைக்கு வெளியேன்னு. வெளியூர்க்காரருக்கு அனுமதி இல்லைங்க."

எதிர் ஜன்னலில் கீழூர்க்காரன் ஒருவன் வாயெல்லாம் பல்லாக எட்டிப் பார்த்தான். "அப்படிப் போடு. நமக்கு ஊத்து, டாமரிஸ்."

"நீ மட்டும் என்னவாம்? உங்க ஐயாவும் சுவத்தைத்தானே ஒட்டிக்கிட்டுப் போறாரு. எனக்கு எது ஊருன்னு எனக்கே தெரியலை. யாராவது சொன்னீங்கன்னா அவங்களுக்கு ஊத்தறேன்."

சொல்லிவிட்டு ஒரு கோப்பை பிடித்து, நிதானமாக, தானே குடித்தாள். யாப் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், அவன் தொண்டை ஏறி இறங்கியது.

"இது நம்ம வீடு" என்று திடீரென்று முழங்கினான் யாப். "எங்கப்பன் இந்தக் கட்டில்மேல ஏறி நடந்தான், நானும் ஏறி நடப்பேன்." ஒரு காலை ஜன்னலுக்குள் விட்டான்.

"எங்க தாத்தாவும் நடந்தாரு, நம்ம டாமரிஸ் கீழூர்" என்று அந்தப் பக்கமிருந்து ஒருவன் குதித்தான்.

அவ்வளவுதான். இரண்டு ஜன்னல்களிலிருந்தும் ஆள் ஆளாகக் கொட்டினார்கள். கட்டில்மேல் இரண்டு ஊரும் மோதிக்கொண்டன. குச்சிகள் சிக்கிக்கொண்டன, பூட்ஸ் மாறிப்போயின, இறகு மெத்தை கிழிந்து வீடு முழுக்கப் பனி பெய்தது. பன்றி என்ன விசேஷம் என்று பார்க்க வந்து ஒருவனைக் கவிழ்த்துவிட்டுப் போனது. டாமரிஸ் பீப்பாயைவிட்டு அசையவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு பாதிரியார்களும் வெளியே நின்று எதிரெதிர் ஜன்னல்களில் தலையை நீட்டி, "வெளியே வாங்கடா" என்று கத்தினார்கள். அதுவரை ஓரமாக நின்றிருந்த ரூபன் ப்ராபர்ட் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"எல்லைக்கல் எங்கே இருக்குன்னு இவங்க ரெண்டு பேரும் மறந்துட்டாங்க போலிருக்கு" என்றான்.

அடிதடி நின்றது. இறகு மட்டும் பறந்தது. மறந்தவனுக்கு என்ன மருந்து என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாப் ஃபான்ஷாவை ஜன்னல் வழியாக ஒரு குடைபோல் உள்ளே இழுத்தான். டில்லி ஜன்னலில் சிக்கிக்கொண்டதால், அவரை வாசல் வழியாக நாலு பேர் மரியாதையாகத் தூக்கிவந்தார்கள். அடுப்புக்கு முன்னால் இருந்த கல்லில், முதலில் இவரை ஒரு இடி, அப்புறம் அவரை ஒரு இடி, பிறகு நியாயம் இரு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று இருவரையும் சேர்த்து ஒரு இடி.

"ஞாபகம் வந்துச்சா ஐயா?" என்று யாப் பணிவாகக் கேட்டான்.

"வந்துச்சு, வந்துச்சு" என்றார் டில்லி.

ஃபான்ஷா தரையில் உட்கார்ந்தபடியே பல வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக டில்லியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் வலிக்குதா?" என்று கேட்டார். டாமரிஸ் இறங்கிவந்து முதல் இரண்டு கோப்பையையும் அவர்களுக்கே கொடுத்தாள். வாய்க்காலை ஆளுக்குப் பாதி என்று இரண்டாவது கோப்பைக்குள் பேசி முடித்தார்கள். மூன்றாவதில் தேனீக்களைப் பற்றி அழுதார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேலூர்க் கோயிலில் நிற்க இடமில்லை. டாமரிஸ் முதல் வரிசையில், பக்கத்தில் ரூபன். ஃபான்ஷா உட்காரவே மாட்டேன் என்கிறார், காரணம் எல்லோருக்கும் தெரியும். நின்றபடியே வாசித்தார்: "கீழ் பட்லோவைச் சேர்ந்த ரூபன் ப்ராபர்ட்டுக்கும், இவ்வூரைச் சேர்ந்த டாமரிஸ் ப்ரீஸுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. தடை சொல்ல யாராவது உண்டா?"

டாமரிஸ் எழுந்து நின்றாள். ரூபனின் முகம் வெளுத்துவிட்டது.

"தடையெல்லாம் இல்லைங்கய்யா. நடுவுல ஒண்ணு சரியா காதுல விழலை. இன்னொரு வாட்டி வாசிக்கறீங்களா?"

"எது விழலை?"

"எம் பேருக்கு முன்னால சொன்னீங்களே, அது."

ஃபான்ஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்: "இவ்வூரைச் சேர்ந்த டாமரிஸ் ப்ரீஸ்." அவள் உட்கார்ந்து, செர்ரித் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்குவதற்குள்ளேயே ரூபன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கீழூரில் வாசிப்பதையும் கேட்க வேண்டுமே என்று குன்றின் இறக்கத்தில் ஓடினாள். ஊரே சிரித்துக்கொண்டு பின்னால் ஓடியது.

யாப் எல்லோரையும் முந்திக்கொண்டு போய், மேலே இரண்டு தடவை வாசித்த சேதியை டில்லியின் காதில் போட்டுவிட்டான். மேலூருக்குத் தோற்பாரா அவர்? மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை, கதவருகே மூச்சிரைக்க நின்றுகொண்டு, டாமரிஸும் அவரோடு சேர்ந்து "இவ்வூரைச் சேர்ந்த டாமரிஸ் ப்ரீஸ்" என்று சொன்னாள்.