பனி விலகக் காத்திருந்தவ

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு மாடிவீட்டில் நானும் கணவரும் அம்மாவும் இருந்தோம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. செயற்கைக்கோள் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, அல்ப்ஸ் மலைகளில் உறைந்து கிடக்கும் பனியாறுகளின் விளிம்பைக் கோடாக வரையவேண்டும். பழைய படத்தின் கோட்டுக்கு மேல் புதுக் கோட்டை வைத்தால், பனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். புதுப்பனியும் முகிலும் இல்லாத கோடைக் கடைசிப் படம் ஒன்று கிடைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

அப்போது வீட்டில் ஒரு மனவருத்தம். சண்டை நடந்துகொண்டிருந்த ஊரில் சைக்கிளில் வெளியே போன என் அண்ணை திரும்பி வரவேயில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுங்கோ என்று சொந்தக்காரர் நெருக்க, நாங்களும் ஐயரிடம் நாள் கேட்டுவிட்டோம். அன்றோடு அம்மா எங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டா.

அந்தக் கிழமைதான் வயதான ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் எங்கள் மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தா. இளவயதில் மலையேறப் போன அவவின் கணவர் பனியாற்று வெடிப்பொன்றுக்குள் விழுந்துவிட்டாராம். உடல் கிடைக்கவில்லை. அந்தப் பனியாற்றை ஒருதரம் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்றா.

இரண்டு கோடுகளையும் திரையில் காட்டினேன். இதில் ஒரு புள்ளியே ஒரு வீட்டைவிடப் பெரிது, மனிதர் எவரும் தெரியமாட்டார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். தெரியும் என்றா. பனி மெல்ல மெல்லக் கீழே நகரும், மேலே விழுங்கியதை ஒருநாள் அடியில் கொண்டுவந்து விடும் என்று எனக்கே விளங்கப்படுத்தினா. பிறகு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விரலை வைத்து, "இவ்வளவு கிட்ட வந்திட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டா.

பனி குறைகிறதே என்று நாங்கள் எல்லோரும் கவலைப்பட்ட அந்தக் கட்டடத்தில், அது குறையட்டும் என்று ஏங்கியவ அவ ஒருவர்தான். தண்ணீர் எடுக்கும் சாட்டில் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். அவ கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டா. வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லாத அண்ணையின் கதையை அவவிடம் சொன்னேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன நாளுக்குப் பிறகு அம்மா வாய் திறந்தா.

"அந்த மனுசி இன்னும் பாத்துக்கொண்டோ இருக்கிறா?"

"ஓம் அம்மா."

"காணும், போதும், விடு எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

கணவர் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். நாள் வேண்டாம் என்று ஐயருக்குச் சொன்னேன்.

புதுப்படம் வரும் வருஷங்களில் அந்தப் பெண்மணியும் வருவா. ஒரு வருஷம் வரவில்லை. அவவின் கணவர் வெளிப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணையும் வரவில்லை. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மாவும் போய்விட்டா.

பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெண்மணிக்கு ஒரு மலையாவது இருந்தது, எங்களுக்கு அதுகூட இல்லை. ஆனாலும் ஒருவர் காத்திருப்பதைப் பார்த்து 'காணும்' என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.